ஒரு கேள்வி திறந்துவிட்ட சுவடிகள்

1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண, அவ்வூர்க் கல்லூரியின் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் சென்றார். அவருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்ற பெருமையும், அவ்வாண்டுதான் கிடைத்த கல்லூரிப் பணியும் அவருக்கு இருந்தன.

யாரிடம் படித்தீர்கள், என்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், கம்பராமாயணம் என்று ஐயர் பட்டியலிட்டார். முதலியார் முகத்தில் வியப்பு இல்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்று கேட்டார். ஆங்கிலம் படித்த மோகத்தில் தமிழை இகழ்கிறாரோ என்று ஐயர் எண்ணினார். ஆனால், அடுத்து வந்த கேள்வி வேறு. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டபோது, இல்லை என்பதைத் தவிர ஐயரிடம் விடையில்லை.

இந்தச் சந்திப்பு தமிழ்நாட்டில் பலமுறை சொல்லப்பட்டதுதான். கேட்டவரின் பெருமையாகவே அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. கேட்கப்பட்டவர் அதன்பின் என்ன செய்தார் என்பதில்தான் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. அன்று அவர் சினந்து திரும்பியிருக்கலாம். தாம் கற்றவையே போதும் என்று இருந்திருக்கலாம். மாறாக, முதலியார் தந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

படிக்கப் படிக்க, தெரியாதவையே மிகுந்தன. சொற்களுக்குப் பொருள் தெரிந்தும் கருத்து பிடிபடவில்லை. சிந்தாமணி சமண காப்பியம். ஐயர் வளர்ந்ததோ சைவச் சூழல். இலக்கணமும் நிகண்டும் இங்கே உதவா என்று உணர்ந்தவர், இதை யாரிடம் கேட்க வேண்டும் என்று யோசித்தார். கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களின் வீட்டுக்குச் சென்றார். சிந்தாமணியைப் படித்து முடித்ததை அவர்கள் அன்றுதான் விழாவாகக் கொண்டாடிக் கொண்டிருந்தனர். புலவர்கள் கைவிட்ட நூல் அங்கே வழிபாட்டு நூலாக உயிரோடு இருந்தது. கல்லூரி ஆசிரியர், தம் ஐயங்களை ஒவ்வொன்றாக அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார்.

அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது. சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், பல இடங்களில் பழைய பாடல் வரிகளை மேற்கோளாகக் காட்டுகிறார். எந்த நூல் என்று சொல்வதில்லை. பொருள் விளங்கினால் போதும் என்று கடந்து செல்வதே வழக்கம். ஐயர் அங்கே நின்றார். இவ்வரிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். விடையைத் தேடித் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளைப் புரட்டியபோது, எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் அவர் கண்ணில் பட்டன. மேற்கோளாகப் பார்த்த வரிகளை அவற்றுள் கண்டார்.

1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு எனப் பதிப்புகள் தொடர்ந்தன. மணிமேகலையில் மீண்டும் தடை வந்தது. அந்நூலின் சமயக் கருத்துகள் பௌத்தத்துக்கு உரியவை என்று அடையாளம் காட்டியவர் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார். அவரிடம் பௌத்தம் கேட்டுக் கற்ற பிறகே, 1898-இல் மணிமேகலையை ஐயர் வெளியிட்டார். தமக்குத் தெரியாது என்று சொல்ல அவர் ஒருபோதும் கூசவில்லை.

ஏட்டுக்கு ஏடு பாடம் மாறுபட்டபோதும், தமக்குப் பிடித்ததை வைத்துவிட்டு மற்றதை மறைக்கவில்லை. வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டினார். நூலாசிரியர் வரலாறு, மேற்கோள் அகராதி, அரும்பத அகராதி ஆகியவற்றைச் சேர்த்தார். தம் முடிவையே பின்வருவோர் சோதித்துக் கேள்வி கேட்க வழிவைத்த பதிப்புகள் அவை.

இப்பணியில் அவர் தனியாள் அல்லர். ஆறுமுக நாவலரும் சி.வை. தாமோதரம் பிள்ளையும் பழந்தமிழ் நூல்களை அச்சிட்டு முன்சென்றவர்கள். ஆயினும் 1942-இல் மறையும் வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கேள்வியின் தடத்தை விடாமல் பின்பற்றியவர் ஐயர்.

இன்று ஒரு வினாவை முடிப்பதற்குள் கைப்பேசியில் விடை வந்து விழுகிறது. நம் வகுப்பறைகளிலோ, விடை சொல்லும் மாணவருக்கே மதிப்பெண்; கேள்வி கேட்பவருக்கு இல்லை. நூலின் பெயர் என்ன, இயற்றியவர் யார் என்பதோடு நம் வினாத்தாள்கள் நின்றுவிடுகின்றன. இதை யாரிடம் கேட்க வேண்டும், இது எங்கிருந்து வந்தது, வேறு பாடம் உண்டா என்று கேட்கும் பழக்கத்தையும் மாணவருக்குத் தர வேண்டாமா? அதற்கு முதலில், தெரியாது என்று சொல்லும் மாணவரைப் பார்த்துச் சிரிக்காத ஆசிரியர் வேண்டும்; தெரியாது என்று தாமே சொல்லும் ஆசிரியர் அதைவிடத் தேவை.