முதுமை நோயறிஞர் சார்க்கோ

பாரிஸிலுள்ள ஸால்பெட்ரியேர் ஆதியில் வெடிமருந்துச் சாலை. பின்னர் ஆதரவற்ற மூதாட்டிகளை ஆயிரக்கணக்கில் அடைத்துவைத்த தர்மவிடுதி. 1825-இல் வண்டி செய்பவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்த டாக்டர் சார்க்கோ அதையே தமது ஆராய்ச்சிக்கூடமாக்கினார். அம்மூதாட்டிகளின் மூட்டு நோய்களை ஆராய்ந்து 1853-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1862-இல் அவ்விடத்திற்கே வைத்தியராகத் திரும்பினார்.

நோயாளியை ஆண்டுக்கணக்கில் கவனிப்பார். மரணத்தின்பின் சரீரத்தைச் சோதித்து, முன்பு கண்ட குறிகளோடு ஒப்பிடுவார். 1867-இல் நூலாக வெளிவந்த அவருடைய பிரசங்கங்கள், முதுமைக்கெனத் தனி நோயியல் உண்டென்றும், முதியோரிடம் கொடிய நோயும் ஓசையின்றி வருமென்றும் போதித்தன. 1872-இல் பாரிஸ் வைத்திய கலாசாலையில் பேராசிரியரானார்; 1882-இல் அவருக்காக நரம்பு நோய்ப் பீடமே ஏற்பட்டது. 1893-இல் காலமானார்.

கைவிடப்பட்டோர் கிடந்த இடம் உலக வைத்தியர்களின் பாடசாலையாயிற்று. முதியோரைச் சுமையென்று எண்ணும் எந்த ஜனசமூகமும் இதனை மறக்கலாகாது.