கடலடிக் கல் சொன்ன கண்டம்

ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆத்திலும், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு ஓடையிலும் வெள்ளம் உருட்டி வந்த கல்லைப் பார்த்திருப்பீங்க. மலை ஏறாமலே, மேலே என்ன பாறை என்று அந்தக் கல் சொல்லிவிடும். இப்படி ஒரு கண்டத்தையே கணித்தவர் ஜான் மர்ரே.

1841-இல் கனடாவில் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தும் பட்டம் வாங்கவில்லை. 1872-இல் 'சேலஞ்சர்' கப்பலில் உலகக் கடல்களை ஆராயக் கிளம்பினார். 1874 பிப்ரவரியில் கப்பல் அண்டார்க்டிக் வட்டத்தைத் தாண்டியது. கரையே தென்படவில்லை. ஆனால் கடலடியில் வாரிய சேற்றில் கிரானைட், மணற்பாறைத் துண்டுகள்! ஆழ்கடலில் இது ஏது? மிதந்து வந்த பனிமலைகள் உருகும்போது போட்டவை. அப்படியானால் தெற்கே, பனிக்கு அடியில், பெரிய கண்டம் இருக்கணும் என்று கணித்தார். பிற்காலப் பயணங்கள் அதை மெய்ப்பித்தன.

50 பாக அறிக்கையைச் சொந்தக் காசும் போட்டு 1895-இல் முடித்தார். 1914-இல் கார் விபத்தில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணத்தில்தான் 1933-34-இல் அரபிக்கடல் ஆராயப்பட்டது.

இன்றும் கடலடிச் சேற்றைக் குழாயில் அடுக்கு குலையாமல் எடுக்கிறார்கள். எந்த அடுக்கில் இந்தக் கற்கள் கூடுது, குறையுது என்று பார்த்து, துருவப் பனி பின்வாங்கிய காலத்தைக் கணிக்கிறார்கள்.

வெறும் டிப்ளமோதானே என்று யாராவது சொன்னால் சிரிச்சுக்கோங்க. கப்பல் ஏறியபோது மர்ரேயிடம் அதுகூட இல்லை!