ஜெருசலேம் போக நினைத்தவர் மலாக்காவுக்கு வந்தது எப்படி? யார் இந்தச் சவேரியார்?

மலாக்காவில் செயின்ட் பால் குன்றில் ஏறியிருக்கிறீர்களா? மேலே கூரை இல்லாத ஒரு பழைய தேவாலயம். உள்ளே, தரையில் கம்பிவலை போட்டு மூடிய ஒரு குழி. வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, சில்லறை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

அது ஒரு காலிக் கல்லறை. 1553-இல் சில மாதங்கள் மட்டும் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார்.

உங்கள் தோட்டத்தில் சவரிமுத்து என்று ஒரு தாத்தாவோ, சவரியம்மா என்று ஒரு பாட்டியோ இருந்தார்களா? அந்தப் பெயர்கள் இவரிடமிருந்து வந்தவைதான். தோட்டத்து லயங்களில் தமிழர்கள் குடியேறுவதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகள் முன்பே இவர் மலாக்கா தெருக்களில் நடந்தவர்.

புது வருஷத்திலோ தவக்காலத்திலோ கடவுளிடம் ஒரு தீர்மானம் எடுத்து, நினைத்தது நடக்காமல் போய், சே என்று விட்டுவிட்ட அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். அப்படியென்றால் இவருடைய கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இவர் வாழ்க்கையின் இரண்டு பெரிய இலக்குகளும் கைகூடவே இல்லை.

ரூம்மேட்டால் மாறிய பிளான்

1506 ஏப்ரல் 7. இன்றைய ஸ்பெயினின் வடக்கே, நவார் நாட்டில், சவியர் கோட்டையில் பிறந்தார். வசதியான குடும்பம்தான். ஆனால் அவருக்கு ஆறு வயதாகும்போது நவார் நாடு காஸ்டைலிடம் வீழ்ந்தது. பிறகு கோட்டையின் மதில்களும் இடிக்கப்பட்டன.

1525-இல் படிக்கப் பாரிஸ் போனார். நன்றாகப் படித்தார், விளையாட்டிலும் கெட்டி. பட்டம் வாங்கி, ஆசிரியராகி, சொந்த ஊர்ப் பக்கம் பம்ப்லோனா பேராலயத்தில் கௌரவமான ஒரு பதவி வாங்க வேண்டும். அவ்வளவுதான் பிளான்.

1529-இல் அறைக்கு ஒரு புது ரூம்மேட் வந்தார். வயதில் மூத்தவர், போரில் அடிபட்டுக் காலைச் சாய்த்து நடக்கிறவர். அவர்தான் லொயோலா இஞ்ஞாசியார். இன்னொரு ரூம்மேட்டான பீட்டர் ஃபேபர் சீக்கிரம் அவர் பக்கம் போய்விட்டார். சவேரியாருக்குப் பிடிக்கவில்லை. மனம் மாற வருஷக்கணக்கில் ஆனது.

வார்த்தைப்பாட்டில் இருந்த பிளான் பி

1534 ஆகஸ்டு 15. பாரிஸின் மான்மார்த் குன்றில் ஒரு சிறு கோயிலில் ஏழு நண்பர்கள் கூடினார்கள். அவர்களில் ஃபேபர் மட்டுமே குரு. அவர் நிறைவேற்றிய திருப்பலியில் எல்லோரும் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். ஏழ்மையாக வாழ்வது, கற்பு காப்பது, ஜெருசலேம் போவது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வெனிஸ் துறைமுகத்தில் ஓராண்டு காத்திருப்போம், கப்பல் கிடைக்காவிட்டால் போப்பாண்டவரிடம் போய் அவர் அனுப்புகிற இடத்துக்குப் போவோம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்திருந்தார்கள். இலக்கு இருந்தது, கெடு இருந்தது, அது நடக்காவிட்டால் யாரைக் கேட்பது என்பதும் இருந்தது. உணர்ச்சிவேகத்தில் கொடுத்த வாக்கு மாதிரி தெரியவில்லை, இல்லையா?

1537-இல் வெனிஸுக்கும் துருக்கியருக்கும் சண்டை மூண்டது. ஜெருசலேமுக்குக் கப்பல் இல்லை. அதே ஆண்டு சவேரியார் குருவானார். கெடு முடிந்ததும், சொன்னபடியே போப்பாண்டவர் மூன்றாம் பவுல் முன் போய் நின்றார்கள்.

இந்தியாவுக்கு வந்ததுகூட அவர் போட்ட திட்டம் இல்லை. போர்ச்சுகல் மன்னர் ஆள் கேட்டார். போக வேண்டிய பொபதில்லா நோயில் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாள்தான் சவேரியார். 1541 ஏப்ரல் 7, தன் 35-ஆவது பிறந்தநாளில் லிஸ்பனில் கப்பல் ஏறினார். கோவா சேர 13 மாதம் பிடித்தது.

தமிழில் ஜெபம், கையில் மணி

1542 கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துப் பரவர்கள் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள், போர்ச்சுகீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் ஜெபம் சொல்லித்தர ஆளில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். தெருத்தெருவாக மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். சரளமாகத் தமிழ் பேசினார் என்று சொல்ல முடியாது.

1545-இல் மயிலாப்பூரில், தோமையார் கல்லறை அருகே சில மாதம் தங்கி அடுத்த அடியை யோசித்தார். மக்காசார் போவது என்று முடிவானது. வழியில்தான் மலாக்கா.

மலாக்காவில் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தார். மக்காசாரிலிருந்து நல்ல செய்தி வரவில்லை. சும்மா இருக்கவில்லை. மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தார், ஜெபங்களை மலாயில் மொழிபெயர்க்க வைத்தார், இங்கேயும் மணியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். 1546 ஜனவரி 1, வேறு திசையில், அம்போனுக்குக் கப்பல் ஏறினார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே 1546-இல், கோவாவுக்கு மத விசாரணை மன்றம் வேண்டும் என்று போர்ச்சுகல் மன்னருக்கு எழுதியவர் இவர். அவர் இறந்த பிறகு 1560-இல் அது வந்தது. இந்துக்களும் யூதர்களும் மதம் மாறியவர்களும் அதனால் பட்ட பாடு கொஞ்சமில்லை. வாக்கில் உறுதியாக நிற்கிறவர் எடுக்கிற முடிவெல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்க இவர் வாழ்க்கை இடம் தரவில்லை.

அதே தேதி, 15 ஆண்டு கழித்து

1547 டிசம்பரில் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். அதோடு ஜப்பான் ஆசை பற்றிக்கொண்டது. 1549 ஜூனில் மலாக்காவிலிருந்து ஒரு சீனக் கப்பலில் கிளம்பினார். ககோஷிமாவில் கால் வைத்த நாள் ஆகஸ்டு 15. மான்மார்த்தில் வாக்குக் கொடுத்து அன்றோடு சரியாக 15 ஆண்டு.

நீங்கள் சொல்வது உண்மையென்றால் சீனர்களுக்கு ஏன் அது தெரியவில்லை என்று ஜப்பானியர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சரி, அப்போ சீனாவுக்கே போவோம். இதுதான் அவருடைய கடைசி இலக்கு.

அதற்குத் தடை வந்ததும் மலாக்காவில்தான். 1552-இல் வணிகர் தியோகோ பெரேரா தூதராகப் போக, கூடவே சவேரியாரும் போவதாக ஏற்பாடு. மலாக்கா தளபதி அல்வாரோ தெ அத்தாயிதே, வாஸ்கோ ட காமாவின் மகன், பெரேராவைப் போக விடவில்லை. தூது இல்லாமலேயே சவேரியார் கிளம்பினார்.

கண்டோன் அருகே ஷாங்சுவான் தீவு. அந்நியர் சீனாவுக்குள் நுழையத் தடை. ரகசியமாகக் கூட்டிப்போவதாகச் சொன்ன சீன வணிகர் வரவே இல்லை. காய்ச்சல் கண்டது. டிசம்பர் 3, ஒரு குடிசையில் இறந்தார். வயது 46. பக்கத்தில் இருந்தவர் அந்தோனியோ என்ற சீன இளைஞர்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், அக்டோபர் 6-இல், இத்தாலியில் மத்தேயோ ரிச்சி பிறந்திருந்தார். அதே இயேசு சபையில் சேர்ந்து, 1583-இல் சீனாவுக்குள் போய்த் தங்கியவர் அவர்.

சவேரியாரின் உடல் 1553 மார்ச்சில் மலாக்காவுக்கு வந்தது. டிசம்பரில் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள், இன்றும் அங்கேதான் இருக்கிறது. வலது முன்கையை மட்டும் 1614-இல் எடுத்து ரோமுக்கு அனுப்பினார்கள். குன்றின் மேல் நிற்கும் அவருடைய வெள்ளைச் சிலைக்கும் வலது கை இல்லை. மரம் விழுந்து உடைந்தது என்று ஊரில் சொல்வார்கள்.