வீட்டை விட்டவர், வீட்டை மறவாதவர்

உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளிடம் தூய ஆவியாரின் ஏழு கொடைகள் எவை என்று கேட்டால் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். அவற்றுள் ஒன்றான பக்தி என்றால் என்ன என்று கேட்டால், கோயிலுக்குப் போவது, செபமாலை சொல்வது என்பார்கள். தவறில்லை. ஆனால் அது பாதி விடைதான். இலத்தீன் மொழியில் பக்தியைக் குறிக்கும் சொல், பெற்றோருக்கும் பிறந்த மண்ணுக்கும் மனிதன் செலுத்த வேண்டிய கடனையும் குறித்தது. இறைவனுக்கு அடுத்தபடியாகப் பெற்றோருக்கும் தாய்நாட்டுக்குமே நாம் மிகவும் கடன்பட்டிருக்கிறோம் என்று புனித தோமஸ் அக்குவினாசும் கற்பித்தார்.

இதை விளங்கிக்கொள்ள நற்பிட்டிமுனை, கல்முனைப் பகுதி வாசகர்கள் தூர தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. கல்முனையிலிருந்து தெற்கே, சாய்ந்தமருதைக் கடந்தால் காரைதீவு. அவ்வூரின் மகன் சுவாமி விபுலானந்தர். அவர் நம் மறையினர் அல்லர். ஆயினும் பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. ஆகவே இந்த வாழ்வை நாமும் நன்றியோடு படிக்கலாம்.

1892ஆம் ஆண்டு சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர் மயில்வாகனன். அந்தப் பெயரே அவ்வீட்டின் முருக பக்தியைச் சொல்லும். ஊரிலே பழமையான கண்ணகி அம்மன் கோயில் உண்டு. வைகாசி தோறும் கண்ணகியின் வழக்குரை அங்கே பாடப்படும். சைவ வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் கற்கப் போனது கல்முனை மெதடிஸ்த பாடசாலைக்கு. பின்னர் மட்டக்களப்பில் சேசு சபைக் குருக்கள் நடத்திய புனித மிக்கேல் கல்லூரிக்குச் சென்று, 1908இல், பதினாறாம் வயதிலேயே, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியெய்தினார். அதே கல்லூரியில் ஆசிரியராகவும் பணிபுரிந்தார்.

1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். அடுத்து யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபருமானார். கிறிஸ்தவக் குருமாரிடம் கற்றும், அவர்களோடு பணிபுரிந்தும், பெற்றோரிடம் பெற்ற நெறியை அவர் விடவில்லை. தமக்குக் கற்பித்தவர்களை மதிக்கவும் தவறவில்லை. பக்தியின் முதற் பாடம் நன்றியறிதல் அன்றோ?

1922இல் அவர் அதிபர் பதவியைத் துறந்து, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். வயது முப்பது. கையிலே பட்டம், ஊரிலே மதிப்பு. இனி இவனால் குடும்பம் தலைநிமிரும் என்று எந்த வீடும் எண்ணுகிற வயது அது. அந்நேரத்தில் பிள்ளை காவி உடுக்கப் போனால் பெற்றவர் மனம் என்ன பாடுபடும் என்பதைக் குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ பிள்ளையை அனுப்பிய நம் தாய் தந்தையர் அறிவார்கள். பெற்றோரைப் பேணுவதும் பக்தி, இறைவனைத் தேடிப் போவதும் பக்தி என்றால், ஒன்றுக்காக மற்றொன்றை விடலாமா? இது இலேசான கேள்வி அன்று.

அவருடைய பின்னாளைய வாழ்வே இதற்கு விடை. 1924இல் சந்நியாசம் பெற்று விபுலானந்தர் ஆனவர், 1925இல் இலங்கைக்குத் திரும்பினார். இமயத்தின் குகையைத் தேடாமல் கிழக்கின் ஏழைப் பிள்ளைகளைத் தேடி வந்தார். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தினார். 1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கினார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கிடைக்க உழைத்தார். ஒரு வீட்டுக்கு மகனாய் இருந்தவர் பல வீடுகளுக்கு மகனானார். அன்பைச் சுருக்கிக்கொள்ளத் துறந்தவர் அல்லர், விரிக்கத் துறந்தவர்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளைத் துருவி, மறைந்துபோன யாழைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தார். கண்ணகி கதை பாடும் ஊரில் பிறந்த பிள்ளை, கண்ணகி காவியத்தின் இசையை மீட்கத் தம் உடல்நலத்தைச் செலவிட்டார். 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் கண்மூடினார். சிவானந்த வித்தியாலய வளவிலே அவருடைய சமாதி இருக்கிறது. இறைவன் விரும்புவது செடியில் பூக்கும் மலரையன்று, மனிதனின் உள்ளமாகிய மலரையே என்னும் கருத்துடைய அவர் பாடல் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது.

நம் ஆண்டவரும் இதே உண்மையைக் கண்டிப்போடு கற்பித்தார். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை அவர் கடிந்துகொண்டதை மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் காண்கிறோம். தந்தையின் அலுவலுக்காக நாசரேத்தூர் வீட்டை விட்டுப் போனவரும் அவரே. சிலுவையில் தொங்கியபோது தம் தாயை அன்புச் சீடனிடம் ஒப்படைத்தவரும் அவரே.

வாசகர்களே, நம் வீடுகளைச் சற்றுப் பார்ப்போம். மடுத்திருப்பதிக்கு ஆண்டு தவறாமல் போகிறோம். பின் அறையில் கிடக்கும் கிழவியிடம் ஒருவேளை சாப்பிட்டாயா என்று கேட்க நேரமில்லை. மாலையில் செபமாலை முழங்குகிறது. அது முடிந்ததும் கணவன் மனைவி முகம் பார்ப்பதில்லை. துறவிகளாகிய எங்களையும் இந்தக் கேள்வி விடாது. வீட்டை விட்டோம் என்று பெருமை பேசும் நாங்கள், மக்களுக்கு மகனாய் இருக்கிறோமா, எசமானாய் இருக்கிறோமா?

நற்பிட்டிமுனையில் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்கின்றனர். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்டு வளரும் பிள்ளைகள், பக்தி என்ன என்பதை முதலில் தங்கள் அடுப்படியிலும் திண்ணையிலும்தான் கற்கிறார்கள். அங்கே அவர்கள் எதைக் காண்கிறார்களோ அதையே நாளை இறைவன் முன்னும் கொண்டு வருவார்கள். இன்றிரவு செபத்துக்கு முழந்தாளிடுமுன், வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் அருகில் ஐந்து நிமிடம் உட்காருவோம். செபம் அங்கேயே தொடங்கட்டும்.