மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

நம் சங்கக் குடும்பங்களில் பல மாயூரம் வட்டாரத்தைச் சேர்ந்தவை. நீடூர், வடகரை, அரங்கக்குடி, கிளியனூர் என்று ஊர் சொல்லும் நம் பெரியவர்கள், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி சபர் வந்து, பிறகு ஜூரோங்கின் ஆலைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைத்தவர்கள். இன்று மயிலாடுதுறை எனப்படும் அந்த ஊரின் பெயர் யாருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டதோ, அவரை இந்தப் பொன்விழா மலரில் நினைக்க விரும்புகிறோம். அவர் நம் சமுதாயத்தவர் அல்லர், கிறிஸ்தவர். ஆனால் நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் நிலத் தகராறுக்கும் கடன் பிராதுக்கும் அவருடைய கச்சேரிப் படியேறியிருக்கக் கூடும்.

சாமுவேல் வேதநாயகம் பிள்ளை திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826 அக்டோபர் 11இல் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்றுக்கொடுத்த தியாகராச பிள்ளையே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்பதால், பாடத்தோடு கச்சேரி வாசனையும் சேர்ந்தே வந்தது போலும். 1848இல் திருச்சி நீதிமன்றத்தில் ரிக்கார்டு கீப்பர் ஆனார். பின்னர் மொழிபெயர்ப்பாளர். 1857இல் தரங்கம்பாடிக்கு முன்சீப். டேனிஷ்காரர்கள் அந்தத் துறைமுகத்தை ஆங்கிலேயருக்கு விற்று அப்போது 12 ஆண்டுகளே ஆகியிருந்தன. அடுத்து சீர்காழி, அதன்பின் மாயூரம்.

அவரை முதல் தமிழ் நாவல் எழுதியவர் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். நாம் சொல்ல வந்தது வேறொரு புத்தகத்தைப் பற்றி. அது கதைப் புத்தகமல்ல. இன்று தேடிப் படிப்பவர்களும் குறைவு.

ஒரு வழக்கில் மேல் கோர்ட் என்ன தீர்த்ததோ, அதே மாதிரி அடுத்த வழக்கிற்கு அதுவே வழிகாட்டி. வாரிசுப் பங்கு, அடமானம், தத்து எதுவானாலும் பழைய தீர்ப்பைக் காட்டத் தெரிந்தவர் பக்கம் பலம். அந்தக் காலத்தில் சென்னையின் மேல் கோர்ட்டான சதர் அதாலத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. சொத்தை இழந்த விவசாயிக்கும் விதவைக்கும், எந்த நியாயத்தின் பேரில் இழந்தோம் என்று படித்துப் பார்க்க வழியில்லை. ஆங்கிலம் தெரிந்தவர் சொன்னதுதான் சட்டம். மொழிபெயர்ப்பாளராக இருந்து இதைக் கண்ணால் கண்டவர் வேதநாயகம் பிள்ளை. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் தந்து, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் 1862இல் வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகள்! பகலில் வழக்கு விசாரிக்கும் ஒரு முன்சீப், நாவல் எழுதிப் பெற்ற புகழில் கால்வாசியும் தராத இந்த வேலையை எப்படிச் சலிக்காமல் செய்தார் என்று வியக்கிறோம்.

நாவலிலும் இந்தக் கவலை அவரை விடவில்லை. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில், நீதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், வழக்காளியும் தமிழர் என்றிருக்க, வாதம் மட்டும் இங்கிலீஷில் நடப்பதை விட்டு விளாசுகிறார். சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதுகிறார், ஆனால் கோபம் தெரிகிறது.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுபதுகளின் கடைசியில், ஜூரோங்கில் நடந்த ஒரு சாலை விபத்துக்குச் சாட்சி சொல்ல ஹேவ்லாக் ஸ்குவேர் போனார். இப்போது அரசு நீதிமன்றங்கள் எனப்படுபவை அன்று கீழ் நீதிமன்றங்கள். நீதிபதியும் வழக்கறிஞர்களும் பேசியது ஆங்கிலம். கூண்டில் ஏறியதும் கால் நடுங்கியதாம். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் முதல் கேள்வியைத் தமிழில் கேட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது என்பார். அதைச் சொல்லும்போது இப்போதும் அவர் குரல் மாறும். கோர்ட் மொழிபெயர்ப்பாளரின் வேலை என்ன என்பதை நாங்கள் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம்.

வேதநாயகம் பிள்ளை 1872இல் பதவியை விட்டார். மாயூரம் நகராட்சித் தலைவராக இருந்தார். பெண் கல்விக்காக எழுதினார், கைக்கூலியைக் கண்டித்துப் பாடினார். எல்லாச் சமயத்தாரும் பாடும்படி சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதியதும் அவரே. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவழித்துக் கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்தவர்களைக் காத்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அந்த உதவியை வியந்து அவர்மேல் கீர்த்தனையே பாடினார்.

1889 ஜூலை 21இல் மறைந்தார். தமிழ்நாட்டின் கீழ் நீதிமன்றங்களில் தமிழே நீதிமன்ற மொழி என்ற சட்டத்திருத்தம் வந்தது 1976இல், அவர் மறைந்து 87 ஆண்டுகள் கழித்து. உயர் நீதிமன்றத்தில் இன்னும் ஆங்கிலம்தான்.