பேசாப் பொருள்களைப் பேச வைத்தவர்: கவிஞர் பர்வீன் இஃதிசாமி

'நாமா' என்னும் பாரசீகச் சொல்லையே தம் சிற்றிலக்கிய வகை ஒன்றுக்குப் பெயராக ஏற்றுக்கொண்டவர்கள் தமிழ் முஸ்லிம் புலவர்கள். எனினும் பாரசீகக் கவிதை என்றவுடன் ஸஅதீ, ஹாஃபிஸ், மௌலானா ரூமி ஆகியோரே நம் நினைவுக்கு வருகின்றனர். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அம்மொழியில் பாடிய பெண்பாற் புலவர் பர்வீன் இஃதிசாமியை நம்மில் அறிந்தோர் சிலரே. அவர் வாழ்ந்தது முப்பத்து நான்கு ஆண்டுகள். கணவர் இல்லத்தில் இருந்தது பத்து வாரங்கள். அப்பத்து வாரங்களைப் பற்றி அவர் ஏறத்தாழ ஒன்றுமே பாடவில்லை.

1907ஆம் ஆண்டு தப்ரீஸ் நகரில் பிறந்தார். பர்வீன் என்பது கார்த்திகை விண்மீன் கூட்டத்தைக் குறிக்கும் பெயர். தந்தையார் யூசுஃப் இஃதிசாமி சிறந்த மொழிபெயர்ப்பாளர். 'பஹார்' என்னும் இதழை நடத்தியவர். ஒரே மகளுக்கு அரபும் பாரசீகமும் தாமே கற்பித்தார். பிறமொழிகளிலிருந்து தாம் பெயர்த்த உரைநடைப் பகுதிகளைக் கொடுத்து, அவற்றைச் செய்யுளாக்கப் பழக்கினார். தெஹ்ரானில் அமெரிக்கர் நடத்திய பெண்கள் பள்ளியில் பயின்ற பர்வீன், 1924இல் தேர்ச்சி பெற்ற விழாவில் பெண்களும் வரலாறும் என்னும் பொருள்பற்றி உரையாற்றினார். கீழை நாட்டுப் பெண்டிரின் தாழ்நிலைக்குக் கல்வியே மருந்து என்பது அவ்வுரையின் சாரம். பின்னர் அப்பள்ளியிலேயே சில காலம் கற்பித்தார்.

பாடல்கள் பெருகின. ஆயினும் அவற்றை நூலாக்கத் தந்தையார் இசையவில்லை. மணமாகாத பெண்ணின் நூல் வெளிவந்தால் மாப்பிள்ளை தேடும் விளம்பரம் என்று ஊரார் கூறுவர் என அஞ்சினார். மகளைக் கவிஞராக வளர்த்த தந்தையே இவ்வாறு தயங்கினார் எனில், அன்றைய சமூகத்தின் பார்வை எத்தகையது என்பது நமக்கு விளங்குகிறது.

1934இல் தந்தைவழி உறவினர் ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டார். மணமகன் கிர்மான்ஷா நகரில் காவல்துறை அதிகாரி. நூல்களும் அறிஞர் உரையாடலும் நிறைந்த இல்லத்திலிருந்து சென்ற பர்வீன், குடியும் புகையும் ஒரு பொழுதும் நீங்காத இல்லத்தில் புகுந்ததாக அவருடைய உடன்பிறந்தார் எழுதியுள்ளார். பத்து வாரங்களில் தந்தை வீடு திரும்பினார். 1935இல் தமக்குரிய மஹரை விட்டுக்கொடுத்து மணவிலக்குப் பெற்றார். தம் உரிமைப் பொருளைத் துறந்து விடுதலை பெறும் இவ்வழியை மார்க்கம் பெண்ணுக்குத் திறந்தே வைத்துள்ளது என்பதைப் பெரியோர்கள் அறிவார்கள். அதை நாடும் பெண்ணை நாம் எவ்வாறு நோக்குகிறோம் என்பது வேறு கேள்வி. பர்வீனோ எவரையும் பழிக்கவில்லை. மூன்று ஈரடிகளில் அத்துயரைத் தொட்டுவிட்டு அமைந்தார்.

அதே ஆண்டில் அவருடைய திவான் 156 பாடல்களுடன் வெளிவந்தது. அரசவைக் கவிஞர் பட்டம் பெற்றிருந்த பஹார் முன்னுரை வழங்கினார்.

தம் துயரைப் பாடாத கவிஞர் என்று இவரைக் குறைகூறுவோர் உளர். நாம் அக்கருத்தை ஏற்பதற்கில்லை. இருவர் எதிரெதிர் நின்று வாதிடும் 'முனாஸரா' என்னும் பழைய வடிவத்தை அவர் கையாண்ட முறையைக் காண வேண்டும். பதினோராம் நூற்றாண்டில் அசதீ தூஸீ பாடிய வடிவம் அது. பர்வீனோ அதனை அடுக்களைக்கும் தையற்பெட்டிக்கும் கொண்டுவந்தார். பூண்டு வெங்காயத்தின் நாற்றத்தைப் பழிக்கிறது. ஒரு பெண்ணின் கையில் ஊசி நூலோடு வாதிடுகிறது. பெண்கள் நாளெல்லாம் கையாளும் பொருள்கள் வாய்திறந்து, தம் குறை காணாது பிறர் குறை கூறும் உலகை நகையாடுகின்றன. மன்னர் பவனியைக் காணும் அநாதைச் சிறுவன், முடியில் ஒளிர்வது யாதென வினவுகிறான். அது ஏழைகளின் கண்ணீர் என ஒரு மூதாட்டி விடை தருகிறாள். மன்னராட்சி நடந்த நாட்டில் இதைப் பாடத் துணிவு வேண்டும். நேரே கூற இயலாதவற்றை ஊசியும் மூதாட்டியும் கூறின என்றே நாம் கொள்கிறோம். ஈரானியப் பெண்களைப் பற்றிய பாடலில் மட்டும் அவர் திரையின்றிப் பேசினார்: பெண்ணுக்கு அணி கல்வியே, பொன்னும் மணியும் அல்ல என்றார்.

இத்தகைய பாடல்களைப் பாடியவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் எனக் கற்றோருள்ளும் சிலர் கருதினர். தாம் ஆண் அல்லர் என்பதைப் பர்வீன் ஒரு பாடலிலேயே அறிவிக்க நேர்ந்தது. இதைவிடப் பெரிய அவமதிப்பு ஒரு புலவருக்கு உண்டா என்று நமக்குத் தோன்றுகிறது.

அரண்மனையில் ஆசிரியராகும் அழைப்பை அவர் ஏற்கவில்லை; அரசு வழங்கிய மூன்றாம் தரப் பதக்கத்தையும் ஏற்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சில மாதங்கள் நூலகராகப் பணிபுரிந்தார். 1938இல் தந்தையார் மறைந்தார். 1941 ஏப்ரலில் டைஃபாய்டு காய்ச்சலால் பர்வீனும் காலமாகி, கும் நகரில் தந்தையின் அருகே நல்லடக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டே உடன்பிறந்தார் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில் பாடல்கள் 209 ஆயின. தம் கல்லறைக்கென அவரே எழுதிவைத்திருந்த பாடல் பின்னர் கண்டெடுக்கப்பட்டுக் கல்லில் பொறிக்கப்பட்டது. வருவோரிடம் அது வேண்டுவது ஃபாத்திஹாவும் யாசீனும்.