பண்பை அளந்த பேரறிஞர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் இண்டியானா மாநிலத்தில், 1897-ஆம் ஆண்டு ஒரு மருத்துவரின் மகனாய்ப் பிறந்தார் கார்டன் ஆல்போர்ட்.

1920-இல் அவர் வியன்னா நகரில் உளநூற் பேரறிஞர் பிராய்டைக் காணச் சென்றார். பிராய்டு வாய் திறவாதிருந்தார். அமைதியைக் கலைக்க எண்ணிய இளைஞர், வழியில் டிராம் வண்டியில் அழுக்குக்கு அஞ்சி நடுங்கிய ஒரு சிறுவனைக் கண்டதாகக் கூறினார். அச்சிறுவன் அவரேதானோ என்று வினவினார் பிராய்டு! ஆல்போர்ட் திகைத்தார். உள்ளத்தின் ஆழத்தைத் துருவுமுன் வெளிப்படத் தெரிவதை நோக்குதல் வேண்டும் என்னும் எண்ணம் அன்றே அவருள் வேரூன்றியது.

மாந்தர் இயல்பு வெளிப்படத் தெரியும் இடங்களுள் ஒன்று மொழி. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆசிரியரான ஆல்போர்ட், 1936-இல் ஆட்பர்ட் என்பாருடன் கூடி, ஆங்கிலப் பேரகராதியிலிருந்து மாந்தரை வேறுபடுத்திக் காட்டும் 17,953 சொற்களைத் திரட்டினார். எத்துணைப் பொறுமை! அவற்றுள் ஏறத்தாழ 4,500 சொற்களே நிலைத்த பண்புகளைக் குறிப்பன. ஒருநாள் சினந்தவன் வேறு. சினமே இயல்பாயவன் வேறு அன்றோ? பின்வந்தோர் இத்தொகுதியைக் கணித முறையாற் சுருக்கி, வினாத்தாள்களால் பண்புகளை அளந்தனர்.

ஆல்போர்ட்டும் அளவைகள் அமைத்தவரே. ஆயினும், எண்களின் கூட்டத்தில் தனியொருவர் மறைந்துவிடலாகாது என்று வற்புறுத்தினார். முதிய தாய் ஒருத்தி பல்லாண்டு எழுதிய கடிதங்களை ஆராய்ந்து, 1965-இல் நூலாக வெளியிட்டார். ஈராண்டு கழித்து, 1967-இல் மறைந்தார்.